எம்டிஎச்எஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தால் கிளினிக்கில் தரும் போலிக் அமிலக் குளிசையை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தாதீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன், மிச்சத்தை நேரம் இருந்தால் வாசியுங்கள். உங்களுக்கும் வெளிநாட்டுச் சொந்தம் யாரோதான் இதைச் சொல்லிக் குழப்பியிருப்பார்கள், எனக்கு நடந்தது அதுதான்.

நான் மல்லாவிப் பக்கம். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது கனடாவில் இருக்கிற அக்கா எச்சில் பரிசோதனை செய்தாவாம், எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவில் 677 என்ற இடத்தில் அவவுக்கு இரண்டு பிரதியும் மாறியிருக்கிறதாம். "உனக்கும் அதுதான் இருக்கும், கிளினிக் குளிசை உன்ர உடம்பில நஞ்சாத் தேங்கும், நான் அனுப்புற மெதில்போலேற்றைக் குடி" என்று ஒரே பிடி. போலேற் என்பது விற்றமின் பி9, போலிக் அமிலம் அதன் செயற்கை வடிவம், மெதில்போலேற் உடம்பு நேரடியாகப் பாவிக்கிற வடிவம். அம்மாவும் மாமியும் அவ பக்கம். கனடா சொன்னால் மறுபேச்சு ஏது?

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். அக்காவிடம் இரண்டு இருந்தால் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது. அவர்களிடம் ஆளுக்கு ஒன்றுதான் என்றால் எனக்கு இரண்டும் வர நாலில் ஒரு வாய்ப்பு, ஒன்றுமே வராமல் விடவும் நாலில் ஒரு வாய்ப்பு. கொப்பியில் கட்டம் கீறி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவ பார்த்தா, ஆனால் பதில் இல்லை.

சரி, இரண்டுமே வந்திருந்தால்தான் என்ன? போலேற்றை உடம்பு பாவிக்கிற வடிவத்துக்கு மாற்றும் நொதியத்தைத்தான் அந்த மரபணு உண்டாக்குகிறது. இரண்டு பிரதியும் மாறினவர்களிடம் அந்த நொதியத்தின் வேலை குறைந்து வழமையில் 30 வீதமளவுதான் மிஞ்சலாம், ஆனால் நின்றுவிடாது. ஒரே அளவு போலிக் அமிலம் எடுத்தால் அவர்களின் இரத்தத்தில் போலேற் சராசரியாக 16 வீதமளவு குறைவாக இருக்கும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனமான சிடிசி சொல்கிறது. இவ்வளவுதான் அந்தப் பெரிய பூதம். அந்த நொதியத்துக்குத் துணையாக விற்றமின் பி2 வேண்டும், பாலிலும் முட்டையிலும் இருக்கிறது, அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிள்ளைக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு, அதாவது மூளையும் முள்ளந்தண்டும் சரியாக உருவாகாத குறைபாடு, வராமல் தடுக்கும் என்று ஆய்வில் நிரூபிக்கப்பட்டது போலிக் அமிலம். மெதில்போலேற்றுக்கு அந்த நிரூபணம் இல்லை. கரு உருவாகி ஏறக்குறைய 28 நாளில் அந்தக் குழாய் மூடிவிடும், பல பேருக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. அதனால்தான் கலியாணம் கட்டின கையோடு மருத்துவமாது குளிசையைத் தருகிறா. நான் அதையே எடுத்தேன், அக்காவின் போத்தலைத் திறக்கவில்லை.

மெதில்போலேற் கெட்டது என்று நான் எழுதவில்லை, பிறகு வந்து சண்டை பிடிக்க வேண்டாம். நான் டொக்டரும் இல்லை. முந்தைய பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருந்தவர்களுக்கும் வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் கூடின அளவு தேவைப்படலாம், அதை டொக்டரிடமே கேளுங்கள். மரபணுப் பரிசோதனைக்குக் காசு கொட்டாதீர்கள், முடிவு எப்படி வந்தாலும் குளிசை அதேதான்.

"பயறும் கீரையும் தின்றால் போதாதா" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். தின்னுங்கள், ஆனால் குளிசையை விடாதீர்கள். எங்கள் தோட்டத்துப் பயிற்றங்காயை நாங்கள் தின்றதைவிடக் குரங்கு தின்றதுதான் கூட. வெடி கொளுத்தினால் பக்கத்துக் காணிக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது, தென்னையில் குரும்பையைக்கூட விடுவதில்லை, முறைப்பாடு எழுதிக் கொடுத்தால் பார்க்கிறோம் என்கிறார்கள். பார்த்தபாடில்லை. இதற்கு யாரிடமாவது வழி இருந்தால் கீழே எழுதுங்கள், போலேற் விளக்கம் வேண்டாம்.