பழைய கப்பலில் பயணம் போகலாம், முன்பணம் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. ராணிப்பேட்டையில் ஒரு தோல் நிறுவனத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றேன். மனைவி ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. அவருடைய ஓய்வூதியத்தில் குடும்பம் நடக்கிறது. சென்னையிலிருந்து கப்பலில் சுற்றுலா போவது எங்கள் இருவருக்கும் பெரிய சந்தோஷம். பல முறை போய்விட்டோம், பெரும்பாலும் ஒரே கப்பலில்தான். அது 30 வயதைத் தாண்டிய கப்பல். இப்போது வேலூரில் உள்ள பயண முகவர், '3,60,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினால் மூன்று ஆண்டுகளில் ஆறு பயணம், உறுப்பினர் புள்ளிகள் இரட்டிப்பு' என்கிறார். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகக் கட்டினால் இருவருக்கும் சேர்த்து 75,000 ஆகுமாம். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டு ஒன்றரை ஆண்டாகிறது. அதிலிருந்து எடுத்துக் கட்டலாமா? 'பழைய கப்பல், வேண்டாம் அப்பா' என்று மகன் தடுக்கிறான்.
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: ஐயா, பயணத்தை விடாதீர்கள். உழைத்துச் சேர்த்த பணத்தில் மனைவியோடு கடலைப் பார்த்து வருவதை வீண் செலவு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்த முன்பணத்தைக் கட்டவே கட்டாதீர்கள்.

முதலில் உங்கள் மகனின் பயம். கப்பலின் வயது மட்டுமே ஆபத்து ஆகாது. பன்னாட்டுப் பயணிகள் கப்பல்களின் பாதுகாப்புச் சான்றிதழ் அதிகபட்சம் 12 மாதங்களுக்குத்தான் செல்லும். ஒவ்வொரு ஆண்டும் சோதனை செய்துதான் புதுப்பிப்பார்கள். கப்பலின் அடிப்பாகத்தை ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறையாவது பரிசோதிக்க வேண்டும். ஆகவே உயிருக்குப் பயந்து பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது பணத்துக்காக. கப்பலுக்கு வயது ஏற ஏறப் பழுதுபார்க்கும் செலவும் ஏறும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். புதிய கப்பல்களில் இருப்பதுபோல் பால்கனி வைத்த அறைகள் அதிகம் இருக்காது என்பதால் கட்டணத்தையும் இஷ்டம்போல் ஏற்ற முடியாது. வருமானம் சற்றுக் குறைந்தாலும் 'இதை ஓட்டுவதைவிட விற்றுவிடலாம்' என்று முதலாளி கணக்குப் போடுவார். 2019இல் மும்பையிலிருந்து ஜலேஷ் குரூஸஸ் நிறுவனம் கர்ணிகா என்ற கப்பலை ஓட்டத் தொடங்கியது. அது 1990இல் கட்டப்பட்டது. கொரோனா வந்தது, 2020இல் நிறுவனமே மூடப்பட்டது. கப்பல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்கப் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று கிரிஸ்டல் சிம்பொனி, 1995இல் வந்த கப்பல். 2022 ஜனவரியில் எரிபொருள் பாக்கிக்காக அமெரிக்க நீதிமன்றம் அதைப் பிடித்து வைக்க உத்தரவிட்டது. மயாமிக்குப் போக வேண்டிய கப்பல் பயணிகளோடு பஹாமாஸின் பிமினி தீவுக்குத் திரும்பியது. அங்கிருந்து வேறு படகில்தான் பயணிகள் ஃபுளோரிடா வந்து சேர்ந்தார்கள். பின்னர் வேறொரு நிறுவனம் அந்தக் கப்பலை வாங்கி, 2023இல் மறுபடியும் ஓட்டியது. கப்பல் தப்பித்துக்கொண்டது, பழைய நிறுவனம் தப்பவில்லை.

நீங்கள் கட்டப்போவது டிக்கெட் பணம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அது வட்டியில்லாமல், அடமானமில்லாமல், மூன்று ஆண்டுகளுக்கு நீங்கள் கொடுக்கும் கடன். நிறுவனம் நொடித்துப்போனால் வங்கிகளெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் உங்கள் முறை வரும். உறுப்பினர் புள்ளிகளோ அன்றைக்கே செல்லாக்காசு. நீங்கள் அனுப்பிய துண்டுப் பிரசுரத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன: 'கப்பல், தேதி, வழித்தடம் மாறுதலுக்கு உட்பட்டவை. செலுத்திய தொகை திருப்பித் தரப்படாது.' ஒரு கணக்காளர் இதற்குக் கீழே கையெழுத்துப் போடலாமா?

உங்களுக்குப் பிடித்த மொழியிலேயே பேசுவோம். 75,000 என்பது முகவர் சொல்லும் விலை. நீங்கள் அனுப்பியிருக்கும் பழைய ரசீதுகளைப் பார்த்தால் இருவருக்கும் சேர்த்து ஒரு பயணத்துக்குச் சராசரியாக 62,000தான் கொடுத்திருக்கிறீர்கள். ஆறு பயணத்துக்கு 3,72,000. அப்படியானால் தள்ளுபடி 90,000 அல்ல, வெறும் 12,000. அதே 3,60,000 ரூபாய் 7 சதவீத வட்டியில் இருந்து, இன்று ஒரு 62,000, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு 62,000 என்று எடுத்தால், ஆறாவது பயணத்துக்கும் கட்டிய பிறகு வரிக்கு முன் 20,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். கட்டணம் கொஞ்சம் ஏறினாலும் அதைத் தாங்கும். எந்த நேரமும் பணம் உங்கள் பெயரில் இருக்கும்.

அஞ்சலகக் கணக்கில் கை வைப்பது இன்னும் மோசம். அந்தத் திட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியாது. கணக்கையே மூட வேண்டும். ஓராண்டு முடிந்து இரண்டாண்டு முடியாத கணக்கை மூடினால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் 15 லட்சத்துக்கு அது 22,500 ரூபாய். 12,000 மிச்சம் பிடிக்க 22,500 இழக்கப் போகிறீர்கள்.

அந்தக் கணக்கு 8.2 சதவீதத்தில் ஆண்டுக்கு 1,23,000 ரூபாய் வட்டி தருகிறது. காலாண்டுக்கு 30,750. இரண்டு காலாண்டு சேர்ந்தால் 61,500, ஏறக்குறைய ஒரு பயணத்தின் செலவு. ஏப்ரல், ஜூலையில் வரும் வட்டியைத் தனிச் சேமிப்புக் கணக்கில் விட்டு ஆண்டுக்கு ஒரு பயணம் நிச்சயமாகப் போய் வாருங்கள். அக்டோபர், ஜனவரி வட்டி மருத்துவக் காப்பீட்டுக்கும் அவசரத்துக்கும். அதில் மிஞ்சினால் இரண்டாவது பயணம். கப்பல் மருத்துவரிடம் காட்டினால் பணத்தை அங்கேயே கட்ட வேண்டியிருக்கும். நோயாளியைக் கரைக்குக் கொண்டுவரும் செலவு பெரிது. ஆகவே ஒவ்வொரு முறையும் பயணக் காப்பீடு எடுங்கள். கப்பல் நிறுவனம் மூடப்பட்டால் பணம் கிடைக்குமா என்பதையும் பாலிசியில் தேடுங்கள். பலவற்றில் அது இருக்காது.

பதிவு செய்யும்போது முகவரின் சொந்தக் கணக்குக்கோ கையிலோ பணம் கொடுக்காதீர்கள். கப்பல் நிறுவனத்தின் பெயரில் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பயணம் நடக்காவிட்டால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். பதிவு எண்ணை வாங்கி, நிறுவனத்திடமே நேரில் சரிபாருங்கள். 2022இல் காட்பாடியில் அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தை நம்பி நம் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் விட்டன என்பது உங்களுக்கே தெரியும். அங்கேயும் பேச்சு இனிமையாகத்தான் இருந்தது.

முகவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: 'மொத்தமாகக் கட்ட மாட்டேன், அடுத்த ஒரு பயணத்துக்கு மட்டும் என்ன குறைப்பீர்கள்?' அடிக்கடி போகும் வாடிக்கையாளர் நீங்கள். உங்களை இழக்க அவருக்கு மனம் வராது. 60,000க்கு முடிந்தால் கையோடு பதிவு செய்துவிடுங்கள்.