நல்ல கால் என்று நம்பிய கால்

கேள்வி: எனக்கு 42 வயது. தங்கச்சிமடத்தில் வலை கோர்க்கும் வேலை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் (போலியோ) வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்கும் காலிப்பர் கருவி போட்டே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். இரண்டு ஆண்டுகளாக வலது காலும் வலுவிழக்கிறது. மதியத்துக்கு மேல் உடல் அசந்துவிடுகிறது. போலியோ திரும்பிவிட்டதா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தினமும் கடற்கரை மணலில் நடந்தால் கால் தேறும் என்கிறான் தம்பி. நடக்கலாமா?

பதில்: மணல் நடை வேண்டாம். தம்பி இன்று மாலையே உங்களை அழைத்துப் போய்விடக்கூடும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். குழந்தைக்கு உங்களிடமிருந்து எதுவும் ஒட்டாது. வைரஸ் திரும்பி வரவில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், போலியோ வந்து பெரும்பாலும் 15 முதல் 40 ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் பின்விளைவாக (போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்) இருக்கலாம். அன்று தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் பல அழிந்தன. பிழைத்தவை புதுக் கிளை விட்டு, ஆதரவற்ற தசை நார்களையும் ஏற்றுக்கொண்டன. நான்கு பேர் இழுக்க வேண்டிய வலையை இரண்டு பேர் நாற்பது ஆண்டு இழுத்தால் என்ன ஆகும்? அந்த நரம்பணுக்கள் இப்போது தளர்கின்றன. உங்கள் ‘நல்ல’ காலிலும் அன்று யாருக்கும் தெரியாமல் சில அணுக்கள் போயிருக்கலாம்.

இதை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை கிடையாது. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, பி12 குறைவு, இடுப்பு எலும்புத் தேய்மானம் ஆகியவற்றை விலக்கிய பிறகே முடிவுக்கு வர முடியும். நரம்பியல் மருத்துவரிடம் செல்லும்போது, எந்த வயதில் காய்ச்சல் வந்தது, எந்தெந்த உறுப்பு முதலில் விழுந்தது, எது தேறியது என்று எழுதி எடுத்துப் போங்கள். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி, 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்ட குழந்தை. புதிய நோயாளியைப் பார்த்தே இராத இளம் மருத்துவர்கள் இன்று பலர். நல்ல செய்திதான், ஆனால் கதையை விளக்கும் சுமை உங்கள் தலையில் விழுகிறது.

குணமாக்கும் மருந்து இல்லை. உழைப்பைப் பங்கிட்டுச் செய்வதுதான் வைத்தியம். ‘முடியாது’ என்று சொல்லாமல் வாழ்ந்து பழகியவர்களுக்கு இது கசக்கும், எனக்குத் தெரியும். அசதி வந்த பிறகு ஓய்வெடுப்பதைவிட, வருமுன்னே வேலையை விட்டு எழுந்து ஓய்வெடுங்கள். தரையில் சம்மணமிடாமல், முதுகு சாயும் நாற்காலியில் அமர்ந்து, வலையை நெஞ்சு உயரத்தில் கட்டிக் கோர்த்திடுங்கள். தண்ணீர்க் குடத்தைத் தம்பி தூக்கட்டும், அவருக்கும் உடற்பயிற்சிதானே. இலேசான பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொல்லித் தருவார். மறுநாளும் வலியோ அசதியோ மிஞ்சினால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

வாடைக் காற்று வீசும் மாதங்களில் சூம்பிய கால் சில்லிட்டு வலு இன்னும் குறையும். கம்பளிக் காலுறை போடுங்கள். காலிப்பரின் இரும்பு மூட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகினால் ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் பலம் செலவாகும். நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் விடுங்கள். பழையதாகியிருந்தால் இலகுவானதாக மாற்றுங்கள். காலையில் தலைவலியோ படுத்தால் மூச்சுமுட்டலோ இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் போலியோ வந்ததைச் சொல்வது அவசியம்.

இன்னொன்று: உங்கள் மாற்றுத்திறனாளி சான்றிதழில் இடது கால் மட்டுமே இருக்கும். மறுமதிப்பீடு கேளுங்கள், இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.