ஸ்பிரிங்கை வெட்டுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

கேள்வி: 2004 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்றைப் போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர்தான், நிற்பதைப் பார்த்தால் உயரமாகத் தெரிகிறது. 40 மி.மீ. இறக்க ஆசை. எங்கள் தெரு மெக்கானிக் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டினால் போதும் என்கிறார். பார்ட்ஸ் வாங்கித் தரும் ஒருவர் 65,000 ரூபாய்க்கு காயில்ஓவர் செட் (உயரத்தைத் திருகி மாற்றும் ஸ்பிரிங், ஷாக் செட்) தருகிறேன் என்கிறார். தினமும் கடலூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். எதைச் செய்யலாம்?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதற்கு முன் முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்து, உள்ளே டார்ச் அடித்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் ரப்பர் வளையமோ, கண்ணாடி மாதிரி மங்கலான பிளாஸ்டிக் வளையமோ செருகியிருக்கிறதா? பின்பக்கமும் குனிந்து பாருங்கள். இதைத்தான் கடைகளில் பஃபர் என்று விற்கிறார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பழைய ஐரோப்பியக் கார் வைத்திருந்தவர்கள் பலர் வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று பஃபர் போட்டுக் காரை உயர்த்தியிருக்கிறார்கள். விற்கும்போது அதை யாரும் சொல்வதில்லை. வாங்கியவர் ‘கம்பெனியிலேயே இப்படித்தான் வந்தது போல’ என்று நினைத்துக்கொண்டு, இறக்குவதற்குச் செலவு செய்கிறார். உங்கள் காரில் பஃபர் இருந்தால் அதைக் கழற்றினாலே போதும். கார் கம்பெனி வைத்த உயரத்துக்கு வந்துவிடும். ஆர்.எஸ். மாடல் பிறவியிலேயே தாழ்வாக நிற்கும்படி செய்யப்பட்ட கார். பஃபரைக் கழற்றிய பிறகு உங்கள் ஆசையே தீர்ந்துவிடலாம். சட்டச் சிக்கலும் கிடையாது, ஏனென்றால் நீங்கள் எதையும் மாற்றவில்லை, முன்பு இருந்ததற்கே திரும்பியிருக்கிறீர்கள்.

கழற்றியதும் அந்த இடத்தில் கம்பியை விரலால் தடவிப் பாருங்கள். நம்மூர் உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் பஃபருக்கு அடியில் தங்கிவிடும். பெயின்ட் உரிந்து, கம்பியில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் அந்த ஸ்பிரிங்கை வைத்திருக்காதீர்கள். ஒருநாள் பட்டென்று உடையும். வெறும் மேல்துரு என்றால் பயமில்லை. இன்னொன்று, பஃபர் இருந்த சுற்று அமுங்காமல், மற்ற சுற்றுகளே முழு அமுக்கத்தையும் வாங்கியிருக்கும். அதனால் கழற்றி ஒரு வாரம் ஓட்டிய பிறகு, ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். இடமும் வலமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, பஃபர் இல்லை, அல்லது கழற்றிய பிறகும் இறக்கியே தீர வேண்டும் என்றால்?

வெட்டும் யோசனையை முதலில் மறந்துவிடுங்கள். உங்கள் காரின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. ஸ்பிரிங்கை எதுவும் பிடித்து வைத்திருக்கவில்லை, பின்சக்கரங்களை இணைக்கும் பீமுக்கும் பாடிக்கும் நடுவில் எடையால்தான் உட்கார்ந்திருக்கிறது. வெட்டிக் குட்டையாக்கிவிட்டால் ஜாக்கி போட்டுத் தூக்கும்போது அது உட்கார்ந்த இடத்தை விட்டு நழுவிவிடும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதும் இதே கதிதான். கேஸ் கட்டர் வைத்து வெட்டினால் சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். இருபது நிமிட வேலை என்று சொல்பவர், அது உடையும்போது உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

உங்களுக்குத் தேவை குட்டை ஸ்பிரிங்கும் அதற்கேற்ற குட்டை ஷாக்கும், இரண்டும் ஜோடியாக. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் பழைய ஷாக்கின் தண்டு எப்போதும் பாதி உள்ளே போன நிலையிலேயே வேலை செய்யும். கொஞ்சம் பெரிய பள்ளம் வந்தாலும் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுக்க உள்ளே போகாமல் தடுக்கும் கட்டையில்) இடிக்கும், ஷாக் சீக்கிரமே எண்ணெய் கக்கும். பில்ஸ்டைன் கம்பெனி ஷாக்கில் பி6 என்பது சாதாரண நீளம், பி8 என்பது இறக்கிய காருக்கான குட்டை நீளம். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல், அல்லது தெரிந்தே மறைத்து, ‘பில்ஸ்டைன் சார், ஒரிஜினல்’ என்று கையில் கிடைத்ததைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஸ்பிரிங்குக்கு ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற பெயர்கள் நம்பகமானவை. அளவு 25 முதல் 30 மி.மீ. வரை போதும். 40 வேண்டாம்.

ஏன் வேண்டாம்? கார் இறங்கினால் எடை மையம் இறங்கும், அது நல்லதுதான். ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய ஆரம்பித்துவிட்டால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி இன்னும் வேகமாக இறங்கும். வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். பார்க்க ரேஸ் கார், ஓட்ட மாட்டு வண்டி.

அதைவிடப் பெரிய காரணம் ஆயில் சம்ப், அதாவது என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி. உங்கள் 1.8 டர்போ என்ஜினின் சம்ப் அலுமினியம், தாழ்வாகத் தொங்குவது. இரும்பு நெளியும், அலுமினியம் விரிசல் விடும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாகத் தினமும் போகிறீர்கள். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படி ஒன்றைக் கட்டினால் எந்தக் காரும் பிரச்சினையில்லாமல் ஏறி இறங்கும். ஆனால் அதே உயரத்தை முழங்கை அகலத்தில், வெள்ளைக் கோடுகூட இல்லாமல் ஒரே இரவில் போட்டுவிடுகிறார்கள். யாரைக் கேட்பது? சம்ப் விரிசல் விட்டு எண்ணெய் கொட்டினால் முதலில் டர்போ, அப்புறம் என்ஜின். இறக்கும் நாளிலேயே கெட்டியான சம்ப் கார்டும் போட்டுவிடுங்கள்.

காயில்ஓவர் பற்றி. உயரத்தைத் திருகி மாற்றலாம் என்பதுதான் அதன் பெருமை. கடலோரத்தில் அந்த மரையை அடிக்கடி கழுவி, கிரீஸ் தடவிப் பராமரிக்காவிட்டால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் இறுகிப்போகும். அப்புறம் திருகவே முடியாத பொருளுக்குத்தான் அவ்வளவு விலை கொடுத்திருப்பீர்கள். தினமும் வேலைக்குப் போகும் காருக்கு அது தேவையில்லை.

இப்போது அந்த பார்ட்ஸ் ஆசாமி. வாட்ஸ்அப்பில் போட்டோ மட்டும் அனுப்பிவிட்டு பார்ட் நம்பர் சொல்லாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த ‘இம்போர்ட்டட்’ ஷாக்கில் மஞ்சள் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினேன். உள்ளே கறுப்பு. சாதாரண ஷாக்குக்குப் பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒரு மாதச் சம்பளத்தை அதற்குக் கொடுத்திருந்தார் அந்தப் பையன். ‘கோல்ஃப் 4-க்கு வருவதெல்லாம் இதற்குப் பொருந்தும்’ என்று சொன்னாலும் அப்படியே நம்பாதீர்கள். அடித்தளம் ஒன்றுதான், ஆனால் உங்கள் காரின் டிக்கி பெரியது, பின் எடையும் வேறு. நல்ல ஸ்பிரிங்கோடு வரும் தாளில் ஆக்சில் எடை வரம்பு அச்சிட்டிருக்கும். அந்தத் தாளும் 1யு என்ற உங்கள் மாடல் குறியீடும் இல்லாத பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். பழைய ஷாக்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

‘ஆர்.டி.ஓ.வில் நான் எழுதி வாங்கித் தருகிறேன்’ என்று ஒரு ஏஜென்ட் வருவார். கார் ஆர்.சி.யில் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு கட்டமே இல்லை. இல்லாத கட்டத்தில் எதை எழுதுவார்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஸ்பிரிங் இதில் வருமா வராதா என்பது எதிரில் நிற்கும் அதிகாரியின் மனசைப் பொறுத்தது. ஜெர்மனியில் சோதனை செய்து தாள் கொடுக்கிறார்கள், அதைக் காட்டிவிட்டுப் போகலாம். இங்கே எடை பார்த்து முறையாக மாற்றியவனும் கேஸ் கட்டரால் வெட்டியவனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. எத்தனை வருடமாகச் சொல்லியும் இது மாறவில்லை. அதனால் கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள். 15 வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2004 வண்டிக்கு அடுத்த முறை 2029-ல் வரும், அப்போது தேவைப்படலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மாட்டும்போது மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லுங்கள். லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் மூட்டு) போல்ட்டுகளைக் கார் தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கவிட்டபடி முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். ஷாக்கின் தலையைப் பாடியோடு பிடிக்கும் டாப் மவுண்ட், பம்ப் ஸ்டாப் இரண்டும் புதிதாகப் போடுங்கள். அன்றைக்கே வீல் அலைன்மென்ட், 500 கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு இன்னொரு முறை.

இதெல்லாம் பிறகு. இந்த ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பஃபர் இருந்ததா இல்லையா என்பதையும் நான்கு சக்கர அளவையும் எழுதி அனுப்புங்கள். ஸ்பிரிங்கின் பார்ட் நம்பரை அதற்கப்புறம் பார்ப்போம்.