பத்திரத்தில் ‘டின்னவெல்லி’: எந்த மாவட்டத்தில் தேடுவது?

கேள்வி: எங்கள் பூட்டனார் 1906-ல் நிலம் வாங்கிய கிரயப் பத்திரம் பெட்டியில் கிடைத்தது. ஆங்கில முத்திரையில் ‘டின்னவெல்லி’ ஜில்லா, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா என்று இருக்கிறது. டின்னவெல்லி வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரா? நான் எங்கே விசாரிப்பது? - வாசகர், பாளையங்கோட்டை.

பதில்: நெல்லையில் அலையாதீர்கள், விருதுநகர் மாவட்டத்துக்குப் போங்கள். 1906-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதனுடன் சேர்ந்தது. 1985-ல் விருதுநகருக்கு வந்தது. முத்திரையில் பிழை எதுவும் இல்லை.

டின்னவெல்லி யாரும் புதிதாக வைத்த பெயர் அல்ல. திருநெல்வேலி அவர்கள் வாயில் நுழையாமல் சிதைந்த வடிவம் அது. பாளையங்கோட்டை ‘பாளம்கோட்டா’ ஆனதும் அப்படியே. நம் பக்கத்து நிலாவரை இலைக்கு உலகச் சந்தையில் இன்றும் ‘டின்னவெல்லி சென்னா’ என்றே பெயர்.

தூத்துக்குடிதான் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ‘குடி’ என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நுனிநாக்கு மேலண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் மீள்கிறது அல்லவா? அந்த ‘டி’ ஐரோப்பியர் காதில் ‘ரி’ என்று விழுந்தது. கடைசியில் ஒரு ‘ன்’ ஒட்டிக்கொள்ள, ‘டூட்டிகோரின்’ பிறந்தது. குமரி ‘கொமோரின்’ ஆனதிலும் கொச்சி ‘கொச்சின்’ ஆனதிலும் இருப்பது அதே ‘ன்’தான். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் இதை அன்றே விளக்கிவிட்டார்.

உண்மையிலேயே அந்தக் காலத்தில் பிறந்த பெயர்கள் வேறு. சாயர்புரம், சாமுவேல் சாயர் என்ற வணிகரின் பெயரைத் தாங்கியது. நாசரேத் விவிலியத்திலிருந்து வந்தது. முதலூரைப் பாருங்கள்: தூய தமிழ்ச் சொல், ஆனால் கிறிஸ்தவர்களுக்கென 1799-ல் அமைந்த முதல் குடியிருப்பு என்பதால் வந்த பெயர். பெயரின் ஓசையை வைத்து அதன் வயதைக் கணிக்க முடியாது.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். முத்திரையை விட்டுவிட்டு, பத்திரத்தின் உள்வாசகத்தைப் படியுங்கள். அந்தக் காலப் பத்திரங்களை நம் ஊர்க்காரர்களே பெரும்பாலும் தமிழில் எழுதினார்கள். ஊர்ப்பெயர் அதில் ஊரார் சொன்னபடியே இருக்கும். கிராமம், நான்கு எல்லை, சர்வே எண் இருந்தால் அதுவும் என்று தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிராமம் இன்று எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று பார்த்து, அங்குள்ள அலுவலகத்தில் பழைய எண்ணுக்கு உரிய இன்றைய சர்வே எண்ணைக் கேளுங்கள். மூலப் பத்திரத்தை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.