பில்ட் உடைந்தால் பொதியாளர் மூலநிரலில் கை வைக்கலாமா?

ஒரு மென்பொருள் கம்பைல் ஆகவில்லை, அதாவது மூலநிரலிலிருந்து இயங்கும் நிரலாக மாறவில்லை என்றால், அதை டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகத்துக்காகப் பொதியாக்குபவரே மூலநிரலைத் திருத்த வேண்டுமா, அப்ஸ்ட்ரீமிடம் (அதை எழுதிப் பராமரிக்கும் மூலத் திட்டத்தாரிடம்) தெரிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமா என்பது கேள்வி. நானும் பொதிகளைப் பராமரிப்பவன். திருத்தத்தான் வேண்டும் என்பேன். ஆனால் அந்த பேட்ச் (திருத்தக் கோப்பு) அப்ஸ்ட்ரீமுக்குப் போய்ச் சேரும்வரை வேலை முடிந்ததாகக் கருதக்கூடாது.

புதிய கம்பைலர் பெரும்பாலும் விநியோகங்களுக்குத்தான் முதலில் வந்து சேர்கிறது. எனவே உடைப்பும் பொதியாளரின் கண்ணில்தான் முதலில் படுகிறது. 2020இல் ஜிசிசி என்ற கம்பைலரின் 10ஆம் பதிப்பு வெளிவந்தபோது, பல சி கோப்புகள் பகிரும் ஹெடர் கோப்பில், மாறி வேறிடத்தில் வரையறுக்கப்படுகிறது என்று சொல்லும் எக்ஸ்டர்ன் இல்லாமல் எழுதப்பட்டிருந்த குளோபல் மாறிகளால், அதுவரை சிக்கலின்றி பில்ட் ஆகிவந்த பல நிரல்கள் லிங்க் ஆக (துண்டுகள் ஒரே நிரலாக இணைய) மறுத்தன. ஹெடரில் எக்ஸ்டர்ன் சேர்த்து, ஏதேனும் ஒரு சி கோப்பில் மட்டும் அந்த மாறியை வரையறுத்தால் போதும். பழைய நடத்தையை மீட்டுத் தரும் கம்பைலர் கொடியை (கட்டளைத் தேர்வை) சேர்த்துத் தப்பித்தவர்களும் உண்டு. வெளியீடு நெருங்கும் வேளையில் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

2024இல் வந்த ஜிசிசி 14 இன்னும் நுட்பமான தொல்லையைத் தந்தது. நிரலில் முன்கூட்டி டிக்ளேர் செய்யப்படாத ஃபங்ஷனை அழைப்பது எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தப்பட்டதால், கணினியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று பில்டுக்கு முன் பார்க்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் எழுதிச் சோதிக்கும் சின்னஞ்சிறு நிரல்களும், ஒரு ஹெடர் விடுபட்டிருந்தாலே தோற்றுவிடுகின்றன. ஸ்கிரிப்டோ, அந்த வசதியே கணினியில் இல்லை என்று முடிவு கட்டி மேலே நகர்ந்துவிடுகிறது. பில்ட் வெற்றி என்று திரை சொல்லும். பயனருக்குப் போகும் பொதியில் அந்த வசதி இருக்காது. எனவே பழைய, புதிய கன்ஃபிகர் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும் பொதியாளரின் கடமையே. இந்தப் பிழையை அப்ஸ்ட்ரீம் தானாகக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

எல்லை எங்கே என்பதற்கு ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் டெபியன் செய்த திருத்தமே சான்று. வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை அடக்க 2006இல் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ரேண்டம் எண்களுக்கான விதையில் (தொடக்க மதிப்பில்) ஏறக்குறைய பிராசஸ் எண் மட்டுமே எஞ்சியது. அதனால் எளிதில் ஊகிக்கக்கூடிய சாவிகள் உருவாகிவந்தது 2008 மே மாதத்தில்தான் வெளியே தெரிந்தது. அங்கே பில்ட் உடையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நிரலின் நடத்தையை மாற்றும் எந்தத் திருத்தத்தையும், குறிப்பாக மறையாக்கம் தொடர்பானதை, அந்த நிரலை எழுதியவர்கள் பேட்சையே படித்து ஒப்புக்கொள்ளாமல் பொதியில் சேர்க்கக்கூடாது.

டெபியன் பேட்சுகளின் தலைப்பில், அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியாயிற்றா என்று குறிக்க ஒரு புலமே இருக்கிறது. அதை வெறுமையாக விடாதீர்கள். அப்ஸ்ட்ரீம் உறங்கிவிட்டிருந்தால், மற்ற விநியோகங்கள் அதே பிழைக்கு என்ன செய்திருக்கின்றன என்று பாருங்கள். பல நேரங்களில் பேட்ச் அங்கே தயாராக இருக்கும். அப்ஸ்ட்ரீம் மறுத்தால், சில வரித் திருத்தத்தை நானே சுமந்துகொள்வேன். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மீண்டும் பொருத்த வேண்டிய அளவுக்கு அது வளர்ந்துவிட்டால், அந்தப் பொதியை வெளியீட்டிலிருந்து விலக்கிவிடுவதே பயனருக்கு நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.