ட்ரோனை வீட்டில் வையுங்கள்

கேள்வி: இந்த வருடம் முதல் தடவையாக நானும் இரண்டு நண்பர்களும் உகந்தையிலிருந்து காட்டுப்பாதையால் கதிர்காம முருகன் கோவிலுக்குப் பாதயாத்திரையாக நடந்து போகப் போகிறோம். கூடாரம், காஸ் அடுப்பு, 5 கிலோ அரிசி, நாலு ஜீன்ஸ், பவர்பேங்க் இரண்டு, புதுச் சப்பாத்து, ட்ரோன் எல்லாம் தயார். இன்னும் என்ன வாங்க வேண்டும்?
– ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம் தம்பி. வாங்கியதில் பாதியை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வந்தால் போதும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கடையில் வாங்கியதெல்லாம் வரிசையாக இருக்கிறது. நடந்து பழகியது பற்றி ஒரு வரிகூட இல்லை. போகும் மூவரில் ஒருவராவது முன்பு அந்தப் பாதையால் போனவரா என்பதும் இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் மற்ற எதுவும் உதவாது.

காட்டுக்குள் நீங்கள் கட்டாயம் சுமக்க வேண்டிய ஒரே பாரம் தண்ணீர். ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ. ஆனி, ஆடியில் நம் பக்கம் மழை இல்லை. கச்சான் காற்று அடிக்கிற வெக்கையில் நடக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து லீற்றர் போய்விடும். வழியில் வருகிற குமுக்கன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் குமண, அந்தப் பக்கம் யால, இரண்டும் தேசிய பூங்காக்கள். ஆற்றைத் தாண்டி நாவலடி, வியாழை என்று போகும்போது தண்ணீர்த் தாங்கி வைத்திருப்பார்கள், பவுசரும் வரும். ஆனால் உங்களுக்குத் தாகம் எடுக்கிற இடம் பார்த்து அது வந்து நிற்காது. அரிசியும் அடுப்பும் பையை நிறைத்துவிட்டால் தண்ணீர்ப் போத்தலை எங்கே வைப்பீர்கள்? அவலும் சீனியும், வறுத்த கச்சான் (நிலக்கடலை), வீட்டில் அம்மாவைக் கேட்டால் கொஞ்சம் பொரிவிளாங்காய்: அடுப்பு மூட்டாமலே வயிறு நிறையும். வழியில் அன்னதானமும் கிடைக்கும், ஆனால் அதை நம்பி வெறும் பையோடு போகாதீர்கள்.

தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூளான ஜீவனி நாலைந்து பக்கெட் எடுங்கள். இதில் பலரும் செய்கிற பிழை ஒன்று உண்டு. ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கையில் இருப்பது அரை லீற்றர் போத்தல் என்று முழுப் பக்கெட்டையும் அதற்குள் கொட்டிக் குலுக்கிக் குடிக்கிறார்கள். உப்புக் கூடினால் அது மருந்தாக வேலை செய்யாது, உடம்பைத்தான் கெடுக்கும்.

ஜீன்ஸ் நாலும் எதற்கு? ஒரு தரம் நனைந்தால் லேசில் காயாது, தொடையை உரசிப் புண்ணாக்கும். இரண்டு சாரம், இரண்டு மெல்லிய சேர்ட், ஒரு துவாய், விரித்துப் படுக்க ஒரு பழைய சீலை போதும். ரோச் லைட் ஒன்று வேண்டும். போன் பெரும்பாலான இடங்களில் வேலை செய்யாது, ஆகவே இரண்டாவது பவர்பேங்க் வெறும் பாரம். ட்ரோனுக்கு தேசிய பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் இடமே கிடையாது. முருகனை மேலேயிருந்து படம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?

இனி அந்தப் புதுச் சப்பாத்து. அதைப் போட்டுக்கொண்டு உகந்தையில் இறங்கினால் அன்று பின்னேரமே குதிக்காலில் தண்ணீர்க் கொப்புளம் நிற்கும். இன்றைக்கே போட்டு நடக்கத் தொடங்குங்கள். தார் ரோட்டில் நடந்தால் போதாது. காட்டுப்பாதையில் மணல் உண்டு, மணலில் கால் புதைந்து புதைந்து எழும்பும்போது இழுபடுகிற தசையே வேறு. உங்கள் ஊர்க் கடற்கரையே இருக்கிறது. பையில் ஐந்தாறு கிலோ போட்டு விடியற்காலையில் அதில் நடவுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்முனைக்கு நடந்து போய், பஸ்ஸைப் பார்த்து ஆசைப்படாமல் திரும்பியும் நடந்து வாருங்கள். அடுத்த நாள் காலையில் மறுபடி பையைத் தூக்க முடிகிறதா என்பதுதான் பரீட்சை. கால் நகத்தைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்பே வெட்டிவிடுங்கள். கொப்புளம் வந்தால் தோலை உரிக்காமல் துடைத்துப் பிளாஸ்ரர் ஒட்டுங்கள். நேர்த்தி வைத்து வெறுங்காலோடு போகிறவர்கள் பலர். அவர்களைப் பார்த்து நடுவழியில் சப்பாத்தைக் கழற்றாதீர்கள்.

மூன்று பேர் மட்டும் போவது சரியில்லை. உங்கள் பக்கத்தில் வருடாவருடம் போகிற கூட்டங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றோடு சேருங்கள். எங்கே தங்குவது, ஆற்றில் எந்தத் துறையில் இறங்குவது, யானை நிற்கிற நேரம் எது என்று அவர்களுக்குத் தெரியும். யால முதலைகள் பக்தர் யார் என்று பார்ப்பதில்லை. பொழுதுபட்ட பிறகு தனியாகக் குளிக்க இறங்க வேண்டாம். கூட்டத்தை விட்டுப் பின்தங்கி செல்பி எடுப்பதும் வேண்டாம். பெரியவர் ஒருவர் "இன்றைக்கு இதற்கு மேல் நடக்க வேண்டாம், சாமி" என்றால் வாதாடாமல் பையை இறக்குங்கள்.

காட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்காது. திறக்கிற, மூடுகிற திகதிகளை ஒவ்வொரு வருடமும் அறிவிப்பார்கள். அதைப் பார்த்த பிறகு லீவு போடுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். சில நாட்களுக்கு உங்கள் போன் பேசாது என்று வீட்டிலும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அம்மா ஊரையே கூட்டிவிடுவார்.

திரும்பி வரும்போது யாரும் நடப்பதில்லை. புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று சுற்றிக்கொண்டு வருகிற பஸ்களில் திருவிழா நாட்களில் காலூன்ற இடம் இருக்காது. அந்த பஸ்காசைப் புறப்படும்போதே தனியாக முடிந்து, தண்ணீர் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.