அரை கோல் யார் போடுவது?

கேள்வி: நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான் என் தம்பி. அங்கே மாணவர்கள் போனில் ஈஃபுட்பால் என்ற கால்பந்து கேமில் டோர்னமென்ட் நடத்துகிறார்கள். அதன் இறுதி ஆட்டத்துக்கு ஒரு ‘வியூக முன்னோட்டம்’ எழுதி உங்களுக்கு அனுப்பினான். நீங்கள் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பந்து உருண்டால் பக்கம் ஒதுக்குகிறீர்கள். பசங்க போனில் ஆடினால் அது விளையாட்டில்லையா? இல்லை, உங்கள் வயது தடுக்கிறதா?
— ஓர் அக்கா, ஆனையூர், மதுரை

பதில்: வயது தடுக்கவில்லை, கட்டுரைதான் தடுத்தது.

மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) விளையாட்டா இல்லையா என்ற பஞ்சாயத்து எப்போதோ முடிந்துவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசே அதை விளையாட்டுத் துறையின் பொறுப்பில் சேர்த்தது. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்து கேமுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். நம் நாட்டுப் பையன்களும் போய் ஆடினார்கள். 2024 டிசம்பரில் ரியாத்தில் ஃபிஃபா நடத்திய மின் உலகக் கோப்பை, உங்கள் தம்பி ஆடுகிற அதே ஈஃபுட்பாலில்தான் நடந்தது. கன்சோல் (டிவியில் இணைத்து ஆடும் கேம் பெட்டி) பிரிவில் கோப்பையைத் தூக்கியது யார் தெரியுமா? இந்தோனேசியா. புல்தரையில் ஆடுகிற உலகக் கோப்பையில் அந்த நாடு 1938-இல், அதுவும் டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் வேறு பெயரில், ஒரே ஓர் ஆட்டம் ஆடி வெளியேறியதோடு சரி. இந்த ஒரு விஷயத்தை உங்கள் தம்பி கொஞ்சம் யோசித்திருந்தால் கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும்.

அவர் அனுப்பியது என் மேசையில் இருக்கிறது. தலைப்பு: ‘பார்சிலோனா – பயர்ன் மியூனிக்: வியூகப் போர்’. முதல் பத்தியில், 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் ஜெர்மனி க்ளப்பான பயர்ன் 8-2 என்று ஸ்பெயின் க்ளப்பான பார்சிலோனாவைப் புரட்டி எடுத்த கதை. இரண்டாம் பத்தியில் ஹான்சி ஃபிளிக். அன்றைக்கு பயர்னின் பயிற்சியாளர், 2024 முதல் பார்சிலோனாவின் பயிற்சியாளர், ஆகவே ‘பழைய கணக்கு’. மூன்றாம் பத்தியில், தற்காப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தி எதிராளியை ஆஃப்சைடில் மாட்டிவிடும் ஃபிளிக்கின் வித்தை. தகவல் எல்லாம் சரி. எழுத்துப் பிழைகூடக் குறைவு. ஆனால் லிஸ்பனில் அன்று ராத்திரி ஆடிய ஒருத்தர்கூட உங்கள் தம்பியின் விடுதியில் தங்கிப் படிக்கவில்லையே! இறுதி ஆட்டத்தில் போனைப் பிடிக்கப் போகிற இரண்டு பேரைப் பற்றி மொத்தக் கட்டுரையிலும் ஒரே வரி: ‘இருவரும் சிறந்த திறமைசாலிகள்.’ அவ்வளவுதான்.

செல்லூரில் கபடி பார்க்கிறவர்கள் ரைடர் எந்தக் காலை முன்னே வைக்கிறான், எந்தப் பக்கம் திரும்பினால் தடுமாறுகிறான் என்றுதான் பார்ப்பார்கள். பனியனில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது என்று பார்த்து யாரும் ஆட்டத்தைக் கணிப்பதில்லை. போன் கால்பந்தில் பார்சிலோனா என்பதும் பயர்ன் என்பதும் பனியன்தான். ஜெர்மனியின் புண்டெஸ்லீகா 2012-இல் ஒரு மெய்நிகர் லீகைத் தொடங்கியது. அதில் சில சீசன்களில் எல்லா அணியின் எல்லா வீரருக்கும் 85 என்று ஒரே மதிப்பெண் போட்டு ஆடவிட்டார்கள். நிஜத்தில் கடைசி இடத்தில் கிடந்த க்ளப்பின் பேக்கும் (தற்காப்பு வீரர்) பயர்னின் பேக்கும் அங்கே ஒன்றாகிவிட்டார்கள். மிச்சம் இருந்தது கன்ட்ரோலரைப் பிடித்த கை மட்டும்.

அந்தக் கையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது.

முதலில் அடிப்படை. விடுதிப் போட்டியில் க்ளப்பை அப்படியே எடுத்து ஆடுகிறார்களா, அவரவர் சேர்த்து வைத்த சொந்த அணியை இறக்குகிறார்களா? சொந்த அணி என்றால் பார்சிலோனா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆட்டம் எத்தனை நிமிடம்? திரையில் கடிகாரம் 90 காட்டும், இ.ஏ. நிறுவனத்தின் எஃப்.சி. என்ற இன்னொரு கால்பந்து கேமில் வழக்கமாக உண்மையில் ஓடுவது 12 நிமிடம். அதாவது ‘கடைசி 15 நிமிடம்’ என்பது நம் கைக்கடிகாரத்தில் வெறும் இரண்டு நிமிடம். ஒரு கோல் பின்தங்கியவன் பதறுவதற்குக்கூட நேரம் கிடையாது. ஸ்மார்ட் அசிஸ்ட் (ஆடுகிறவருக்குக் கேமே கை கொடுக்கும் வசதி) போட்டுக்கொள்ள அனுமதி உண்டா? கட்டுரையில் இது எதுவும் இல்லை.

அப்புறம் வியூகம். ஈஃபுட்பாலில் அணியின் ஆட்டபாணி ஐந்து: பொசெஷன் கேம், குயிக் கவுன்டர், லாங் பால் கவுன்டர், அவுட் வைட், லாங் பால். பதினொரு பேரில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் உங்கள் விரலுக்குக் கட்டுப்படுவார். மற்ற பத்துப் பேரும் இந்த ஐந்தில் எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதன்படி தாங்களாக ஓடுவார்கள். குயிக் கவுன்டர் வைத்தால் பந்து பறிபோனதும் முன்னே பாய்ந்து நெருக்குவார்கள். லாங் பால் கவுன்டர் என்றால் சட்டென்று பின்வாங்கிக் கூடிவிடுவார்கள். இறுதிக்கு வந்த இருவரில் யார் எதை வைக்கிறார்? முன்கள ஆள் ஒருவரைக் ‘கவுன்டர் டார்கெட்’ என்று மேலேயே நிறுத்தி வைக்கும் பழக்கம் யாருக்கு உண்டு? ஃபிளிக்கின் உயர்ந்த தற்காப்பு வரிசை என்று மூன்றாம் பத்தியில் அத்தனை வரி எழுதியவர், அதைக் கேமுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்க வேண்டாமா?

நான் சொல்கிறேன். வரிசையை ஏற்றி வைத்துவிட்டுப் பயந்த கைக்காரன் செய்கிற முதல் காரியம், சென்டர் பேக்கை, அதாவது நடுவில் நிற்கும் தற்காப்பு ஆளை, தன் கட்டுப்பாட்டில் எடுத்துப் பந்தை நோக்கி ஓட்டுவது. அந்த ஆள் கிளம்பிய இடம் காலி. கோல் போச்சர் வகை முன்கள வீரன் கடைசி பேக்கின் தோளை ஒட்டியே நிற்கும்படி நிரல் எழுதப்பட்டவன். அந்த ஓட்டைக்குள் தானாக ஓடுவான். எதிராளி ஒரு த்ரூ பால், அதாவது பேக்குகளைத் தாண்டி முன்னே தள்ளும் பாஸ், தட்டினால் போதும். ஆக, இந்த இறுதி ஆட்டத்தின் உண்மையான வியூகக் கேள்வி இதுதான்: இருவரில் யார் பேக்கை நிற்க விட்டு, நடுக்கள ஆளைக் கொண்டு துரத்தும் பொறுமை உள்ளவர்? அரையிறுதியைப் பார்த்த எவருக்கும் பதில் தெரிந்திருக்கும். உங்கள் தம்பி பார்த்திருப்பார். எழுதவில்லை.

எங்கள் அலுவலகத்தில் உதவி ஆசிரியர் ஒருவர் சாப்பாட்டு இடைவேளையில் ஆடுவார். டப்பாவைத் திறக்காமல் பின்னால் நின்று நான் பார்ப்பதுண்டு. ஒரு கோல் முன்னே இருந்தால் 70-ஆவது நிமிடத்திலிருந்து கோல்கீப்பருக்கும் பேக்குகளுக்கும் இடையே பந்தைத் தட்டிக்கொண்டே பொழுதைக் கழிப்பார். பின்தங்கினால் வலது ஓரத்தில் ஓடி ஒரு கிராஸ், மறுபடி கிராஸ், மறுபடியும் கிராஸ். இடது ஓரம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். எங்கள் டி.டி.பி. ஆபரேட்டர் இதைக் கவனித்து வைத்திருக்கிறார். முதல் கோலை எப்படியாவது போட்டுவிட்டு இடது பேக்கைக் கீழேயே நிறுத்திவிடுகிறார்; ஜெயிக்கிறார். இவர்கள் இருவருக்கும் முன்னோட்டம் எழுதச் சொன்னால் எனக்கு ஃபிளிக் தேவைப்பட மாட்டார்.

நிஜக் கால்பந்து ஈஃபுட்பாலுக்குள் நுழைகிற வாசல் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். களத்தில் வீரர்கள் எப்படி ஆடினார்கள் என்பதை வைத்து வாராவாரம் அவர்களின் நிலையை ஏ முதல் இ வரை மாற்றுகிறார்கள். போன வாரம் ஒரு விங்கர் சொதப்பியிருந்தால் இந்த வாரம் போனிலும் சோர்ந்து வரலாம். பார்சிலோனாவின் சமீபத்திய ஆட்டத்தை எழுதுவதற்கு நியாயமான காரணம் இது. உங்கள் தம்பி இதையும் தொடவில்லை, 2020-க்குப் போய்விட்டார்.

விடுதி வைஃபை பற்றியும் பேச்சில்லை. பெட்டிக்குக் கீழே வராந்தாவில் உட்காருகிறவனும் கடைசி அறையில் படுத்துக்கொண்டு ஆடுகிறவனும் ஒன்றா? லேக் அடித்தால் பாஸ் அரை நொடி தாமதமாகப் போகும். சின்னச் சின்னப் பாஸாக ஆடுகிறவன் அதில் செத்தான்.

இதெல்லாம் குறை. திருத்தச் சொல்லி வாங்கிப் போட்டிருப்பேன். திருப்பி அனுப்ப வைத்தது கடைசிப் பத்தி. ‘பார்சிலோனா வெல்ல 63 சதவீத வாய்ப்பு. 2.5 கோலுக்கு மேல் எதிர்பார்க்கலாம்.’

கால்பந்தில் அரை கோல் யார் போடுவது? அந்த அரை, பந்தயக்காரர்களின் கணக்கு. மூன்று கோல் என்று கோடு போட்டால் சரியாக மூன்று விழுந்து, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். இரண்டரை என்று போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பக்கம் ஜெயித்தே தீரும், மறுபக்கம் தோற்றே தீரும். உங்கள் தம்பி பந்தயம் கட்டுகிறார் என்று நான் சொல்லவில்லை. எங்கேயோ ஒரு முன்னோட்டத்தைப் படித்து அதே அச்சில் வார்த்திருக்கிறார். அந்த அச்சு எதற்காகச் செய்தது என்று அவருக்குத் தெரியட்டும்.

வெளிநாட்டுப் பந்தயத் தளங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் ‘கால்பந்து’ ஓடுகிறது. ஒரு வகையில் ஆட்கள் கன்ட்ரோலர் பிடித்துப் புனைபெயரில் ஆடுகிறார்கள். பாதிக்கு நான்கு நிமிடம், மொத்தம் எட்டு, முடிந்ததும் அடுத்தது. இன்னொரு வகையில் ஆளே கிடையாது. கணினி எண்ணை உருட்டி முடிவை எடுத்துவிடுகிறது. நாம் பார்க்கிற ஓட்டமும் கோலும் அந்த முடிவுக்குப் பூசிய சாயம். போன ஆட்டம் 3-0 என்பதற்கும் அடுத்த ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. இதற்கும் ‘நடுக்களத்தில் யார் கை ஓங்கும்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்! வாசகரைப் பணம் கட்ட வைப்பதைத் தவிர அந்த எழுத்துக்கு வேறு வேலை இல்லை. 63 சதவீதம் அங்கிருந்து வருகிற எண். எப்படி வந்தது என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது.

தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022-இல் கொண்டுவந்த சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் மின்விளையாட்டைத் தட்டிக்கொடுக்கிறது; பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. அவற்றுக்கு விளம்பரம் போட்டாலே இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். எங்கள் மேசை நாற்காலியோடு சேர்த்து விற்றாலும் அவ்வளவு தேறாது, அம்மா.

சரி, மறுபடி எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேருடைய அரையிறுதியும் யார் போனிலாவது பதிவாகியிருக்கும்; அதைப் பார்த்து, கோல் விழுந்த விதத்தை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். பந்து பறிபோன அடுத்த நொடியில் ஒவ்வொருவரும் எந்த ஆளை இழுக்கிறார்கள் என்பதைத் தவறாமல் பார்க்கட்டும். நானூறு வார்த்தை போதும். ஆட்டக்காரர்கள் பெயரைப் போட அவர்களிடம் சம்மதம் வாங்கட்டும். க்ளப் சின்னங்களை ஒட்டிய படம் வேண்டாம். இருவரும் போனும் கையுமாக இருக்கிற படம் ஒன்று போதும். சதவீதம் கூடாது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கைக்கு வந்தால் முன்னோட்டமாகவே வரும். தாமதமாகிவிட்டால், தான் கணித்ததில் எது பலித்தது, எது பொய்த்தது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பட்டும். அதற்கும் இடம் தருகிறேன்.